கொப்பி வெறுமை, பிள்ளை விளையாட்டுக் கதைதான் சொல்கிறாள்: டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றவா?

நிலாவெளி_றோட்டு_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கிழமையாக இது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வீட்டில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, அதுதான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் தரம் 3. திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளி போகிற றோட்டில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். தரம் 1 முதல் 5 வரை எல்லாம் சேர்த்து 43 பிள்ளைகள். அதிபரோடு ஐந்து பேர் படிப்பிக்கிறார்கள். தரம் 3க்கும் 4க்கும் ஒரே மண்டபம், நடுவில் ஒரு அலுமாரி. ரீச்சர் ஒருவர் லீவு என்றால் அலுமாரிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றெல்லாம் இல்லை. வீட்டிலிருந்து நடந்து ஏழு நிமிடம்.

பிரச்சினை என்னவென்றால் பிள்ளை வந்து சொல்கிற கதைகள். திங்கட்கிழமை என்ன படித்தாய் என்றால் கொக்கான் (கல்லை எறிந்து பிடிக்கிற விளையாட்டு) வெட்டினோம் என்கிறாள். செவ்வாய் கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுக்கிறதைப் பார்த்தார்களாம், கயிற்றிலும் பிடித்தார்களாம், சட்டை முழுக்க மணலும் மீன் செதிலும். புதன் வேலியோரம் வெண்டி நட்ட பாத்தியைச் சாணால் அளந்தார்களாம். வியாழன் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து பனையோலைப் பெட்டி பின்னக் காட்டினாராம். வெள்ளி சிரமதானம்! கணிதக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், ஒரு மாதத்துக்குப் பதினொரு பக்கம். அதில் இரண்டு பக்கம் படம்.

மச்சாளின் மகன் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், அவனும் தரம் 3, அவனுக்கு இப்போது மூன்றாவது கொப்பி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தபோது மாமி இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. போகும்போது வாசலில் நின்று "ஸ்கொலர்ஷிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம்தானே பிள்ளை" என்றார், அவ்வளவுதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைத்தான் சொல்கிறார்.

அன்று இரவு மகளுக்கு 100 - 45 என்று எழுதிக் கொடுத்தேன். 65 என்று விடை எழுதிவிட்டு, சரிதானே அம்மா என்ற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சல் என்றாலும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அழுகிற பிள்ளை இவள். மச்சாளின் மகனைக் காலையில் எழுப்புவது ஒரு போர். டவுனுக்கு மாற்றினால் வான் காலை 6.20க்கு வாசலுக்கு வரும்.

இப்படி விளையாட்டும் ஊர் வேலையுமாகப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பிறகு என்ன ஆனது? மாற்றுவதென்றால் தை மாதம் மாற்றவேண்டும், இப்போதே அலையத் தொடங்கினால்தான் இடம் கிடைக்கும்.

வான்_காசு_கட்டும்_அப்பா

மாற்றுங்கள். யோசிக்க வேண்டாம்.

மூத்தவன் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான் (உங்கள் பக்கம் இல்லை, வேறு இடம்). அங்கேயும் இதே கதைதான், விளையாட்டு வழிக் கற்றல், செயற்பாடு, மகிழ்ச்சியான வகுப்பறை. நாங்களும் நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தோம். தரம் 4 இரண்டாம் தவணையில் ஒரு நாள் சும்மா பத்திரிகையைக் கொடுத்து இந்தப் பந்தியை வாசி என்றேன். ஒரு வரி வாசிக்க முடியவில்லை. பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று வாசிக்கிறான், ஏனென்றால் படத்தைப் பார்த்துப் பாடமாக்கி வைத்திருக்கிறான்! படத்தைக் கையால் மறைத்தேன், நின்றுவிட்டான்.

விசாரித்தால், பிள்ளைகள் வெளியே விளையாடும், சேர் உள்ளே இருந்து போன் பார்ப்பார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் சுவர் முழுக்க வர்ணக் கடதாசி ஏறும். பிறகு ஒன்றரை வருஷம் பின்னேர வகுப்பு, வான், ரியூசன் என்று காசைக் கொட்டித்தான் அவனை ஆளாக்கினேன். இன்றைக்கும் அவன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

43 பிள்ளைகள் என்பது பள்ளிக்கூடம் இல்லை அக்கா, மூடுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற இடம். கோபப்படாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பலகாமம்_பழைய_ரீச்சர்

தங்கச்சி, முதலில் அந்த 65ஐப் பார்ப்போம், ஏனென்றால் உங்களை நித்திரை கொள்ள விடாதது அதுதான் என்று தெரிகிறது.

உங்கள் மகள் கணக்குத் தெரியாமல் அதை எழுதவில்லை. பத்தில் ஐந்து போனால் ஐந்து, சரி. அந்தப் பத்தை எங்கிருந்து எடுத்தாள்? பத்துகளின் இடத்திலிருந்து. அங்கே பத்து இருந்தது, ஒன்று கொடுத்தபிறகு ஒன்பதுதான் மிச்சம். அவள் ஒன்பது என்று மாற்ற மறந்து பத்தில் நாலு போனால் ஆறு என்று எழுதிவிட்டாள். ஒரே ஒரு படி. நான் 31 வருஷம் ஆரம்ப வகுப்புதான் படிப்பித்தேன், தரம் 3 கொப்பிகளில் இந்த 65ஐ எத்தனை தரம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. விளக்குமாற்றில் நூறு ஈர்க்கு உருவி, பத்துப் பத்தாக ரப்பர் போட்டுப் பத்துக் கட்டாகக் கட்டி அவள் முன்னால் வையுங்கள். நாற்பத்தைந்து எடுக்கச் சொல்லுங்கள். நாலு கட்டை எடுத்துவிட்டு ஐந்துக்கு அவள் கட்டாயம் ஒரு கட்டை அவிழ்க்கவேண்டும். அவிழ்த்த பிறகு முழுக் கட்டு எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், நீங்கள் வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். இது உங்கள் ரீச்சர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் செய்து பார்த்து, 1999இல் நாடு முழுக்கத் தரம் 1இல் தொடங்கிய மறுசீரமைப்பு அது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று. தரம் 1, 2 முதலாம் முதன்மை நிலை, அதில் முதல் இரண்டும்தான் தூக்கல். 3, 4இல் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். தரம் 5இல் எழுத்து வேலை கூடும். அந்த நாளில் எங்களுக்குப் பயிற்சி வைத்தபோது நாங்களே பின்வாங்கில் இருந்து சிரித்தோம், பிள்ளைகளோடு சேர்ந்து தவளை மாதிரிப் பாயச் சொன்னார்கள், எனக்கு அப்போதே முழங்கால் வலி. பெற்றோர் வாசலில் வந்து, நாங்கள் விளையாடவா அனுப்புகிறோம் என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையின் பேத்திதான் உங்கள் வீட்டில் இப்போது நடக்கிறது.

ஆனபடியால் தரம் 3க்கு மாதம் பதினொரு பக்கம் குறைவுதான், அதை நான் மூடி மறைக்க மாட்டேன். இரண்டு பக்கம் படம் என்றதும் எனக்கும் கொஞ்சம் உதைத்தது. அதைப் போய்க் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கொப்பியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கொக்கானை எடுங்கள். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்துவிட்டுக் கீழே கிடக்கிற நாலையும் முதலில் ஒவ்வொன்றாக எடுக்கிறோம், பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலையும் ஒரே அள்ளாக. நாலு என்ற எண்ணை உடைக்கக்கூடிய பல விதம் அதற்குள் வந்துவிட்டது. கை அதைச் செய்துவிடும், வாய்க்கு வராது. அதனால் விளையாடி முடிந்ததும் ரீச்சர் கூப்பிட்டு இருத்தி, நாலை எப்படியெல்லாம் எடுத்தாய் என்று கேட்கவேண்டும், பத்துப் புளியங்கொட்டை கொடுத்து இதையும் அப்படி உடைத்துப் பார் என்று சொல்லவேண்டும், பிறகு அதைக் கொப்பியில் எழுதச் சொல்லவேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் நடக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. நடக்கவில்லை என்றால் மேலே அந்தத் தம்பி சொன்னதுதான் நடக்கும், அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அப்படிப்பட்ட வகுப்பை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை தரம் 4 பிள்ளைகள் 27 பேரைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போனேன். ஏழு வெந்நீர்க் கிணறும் ஒரே சூடு இல்லைதானே, சூட்டின்படி வரிசைப்படுத்துங்கள் என்று சொன்னேன். வாளியில் அள்ளிக் கையை வைத்துப் பார்த்தார்கள். ஏழு கிணற்றுக்கு ஒன்பது வரிசை வந்தது! ஒருத்தி, முதல் சுடுதண்ணீரில் கை வைத்துவிட்டு அடுத்ததில் வைத்தால் அது ஆறின மாதிரித்தான் தெரியும், எங்கள் கையை நம்ப ஏலாது ரீச்சர் என்றாள். வெப்பமானியைப் பையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன், அந்த வசனம் வருகிற வரைக்கும் வெளியே எடுக்கவில்லை. (அது வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அஸ்தி கரைக்க வந்த குடும்பம் ஒன்று எங்களைப் பார்த்து முகம் சுளித்தது வேறு.) அடுத்த நாள், மூன்று வரிக்கு மேல் எழுதாத ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதினான். "சூட்டை"க்கு ஒரு ட் மட்டும், எல்லா இடத்திலும். திருத்தினேன், ஆனால் அன்றைக்கு இல்லை.

அதிபரிடம் கேட்டுவிட்டு அரை மணித்தியாலம் வகுப்பில் போய் இருங்கள். சின்னப் பள்ளிக்கூடத்தின் வசதியே அதுதான், டவுனில் வாசல் காவலாளியைத் தாண்டவே கடிதம் வேண்டும். ரீச்சரிடம் பிள்ளைகளின் தேர்ச்சிப் பதிவு இருக்கும், உங்கள் மகளின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வீட்டில் அவள் முன்பின் பார்க்காத எதையாவது வாசிக்கக் கொடுங்கள், பிஸ்கட் பைக்கற்றின் பின்பக்கம் என்றாலும் பரவாயில்லை.

கிண்ணியா_சேர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நானும் ஒரு சின்னப் பாடசாலைதான், பல்தர வகுப்புதான், இரண்டு தரத்தை ஒரே நேரம் வைத்துக்கொண்டு இழுக்கிற ஆள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

ரீச்சர் சொன்ன கடைசிப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதைத்தான் முதலில் விடுவோம். வெயில், பிள்ளைகள் களைத்துப் போயிருப்பார்கள், மணி அடிக்கும், அடுத்த தரத்துக்கு வேலை கொடுக்கவேண்டும், சரி நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிடுவோம். நாளைக்கு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. இது சோம்பல் மட்டும் இல்லை, ஒரு ஆளால் ஏலாது. போன் பார்க்கிற ஆளும் எங்களுக்குள் இருக்கிறார், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் தரம் 5 பிள்ளைகளுக்கு மீற்றர், மீதி வரும் வகுத்தல் இரண்டையும் சேர்த்துப் படிப்பிக்க நினைத்தேன். கிண்ணியாப் பாலம் வீட்டு வாசலில் இருக்கிறது, நீளம் 396 மீற்றர், 2009இல் திறந்தார்கள், அதற்கு முன்னால் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறித்தான் கடக்கவேண்டும் என்று உம்மாமார் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். 10 மீற்றர் கயிறு மூன்று, குழு மூன்று, வாப்பாமார் நாலு பேர் காவலுக்கு, சனிக்கிழமை காலை ஆறரை. கயிற்றை நீட்டிப் போட்டுச் சோக்கால் கோடு, திரும்ப நீட்டு, திரும்பக் கோடு. 396ஐப் பத்தால் வகுத்தால் 39 முறை போட்டு 6 மீற்றர் மிச்சம் வரவேண்டும். ஒரு குழுவுக்குத்தான் 39உம் கொஞ்சமும் வந்தது. இன்னொரு குழுவுக்கு 41. மூன்றாவது குழு பாதியில் எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டு ஆளை ஆள் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றது. 41 ஏன் வந்தது என்பதுதான் பிறகு இரண்டு நாள் பாடம். கயிறு தொய்ந்தால் ஒவ்வொரு முறையும் பத்து மீற்றருக்குக் குறைவாகத்தான் போகிறோம், அதனால் முறை கூடுகிறது என்று கடைசியில் அந்தக் குழுவிலேயே ஒரு பிள்ளை கண்டுபிடித்தது. தொலைத்த குழுவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை அவர்களாகவே ஒருவனை எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்குப் பின்னால் நடந்ததையும் கேளுங்கள். அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, ஒரு வாப்பா வந்து என் மகன் பாலத்திலிருந்து விழுந்தால் நீங்கள் பொறுப்பா என்று கேட்டார், நியாயமான கேள்வி, நான் இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு சனிக்கிழமை காலைக்கு ஒரு கிழமை வேலை. மாதத்துக்கு ஒன்று செய்யலாம், கிழமைக்கு ஐந்து செய்கிற ஆள் ஒன்று பெரிய ஆள், இல்லாவிட்டால் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சகோதரி, உங்கள் மகள் சொன்ன அந்தக் கிழமையில் அது எது என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியாது.

ஊராட்களைக் கூப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி பின்னுகிற ஆச்சி, பாய் இழைக்கிற உம்மா, வலை பொத்துகிற அப்பா, இவர்கள் வகுப்புக்கு வந்தால் பிள்ளைகள் படிப்பது ஒரு பக்கம், அவர்களுக்கு நடப்பது இன்னொரு பக்கம். பள்ளிக்கூட வாசலுக்குக் காசு கட்டவும் திட்டு வாங்கவும் மட்டும் வந்த ஆட்கள் அவர்கள். எங்கள் பாடசாலையில் பாய் இழைக்க வந்த ஒரு தாய், தன் மகன் ஏன் இன்னும் எழுத்துக் கூட்டவில்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் கேட்டார். மூன்று வருஷமாக அதே கேள்வியோடு வாசலால் போய் வந்திருக்கிறார்.

சோளகம்

படித்தவர்கள் எல்லாம் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், நான் ஒரு சின்ன விஷயம்.

அக்கா, இப்போது கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கிற காலம், கரைவலைக்காரர் நாள் தவறாமல் இழுப்பார்கள், எந்த ரீச்சராக இருந்தாலும் இப்போதுதான் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். வாடை தொடங்கி மழை பிடித்தால் மூன்றாம் தவணை முழுக்க உள்ளேதான் இருக்கவேண்டும். அப்போது கொப்பி தானாக நிரம்பும் :)

நான் டவுனில் பெரிய பள்ளிக்கூடம், ஸ்கொலர்ஷிப் பாஸ், இப்போது வங்கியில் காசு எண்ணுகிறேன். என் மகள் கொக்கான் சொல்லித் தா என்கிறாள், எனக்கு இரண்டாம் கல்லுக்கு மேல் தெரியாது.

வான்_காசு_கட்டும்_அப்பா

ரீச்சர் சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். ஈர்க்குக் கட்டு விஷயம் நல்லது, சின்னவளுக்குச் செய்து பார்த்தேன், விளங்குகிறது.

ஆனாலும் ஒன்று. நீங்கள் எல்லோரும் நல்ல ரீச்சர் கிடைத்த கதையைச் சொல்கிறீர்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் மோசமான ஆள் கிடைத்தால் அடுத்த வருஷம் வேறு ஆள் வருவார். ஐந்து பேர் உள்ள இடத்தில் ஒருவர் சரியில்லை என்றால், ஒருவர் இடமாற்றம் எடுத்துப் போனால், பிள்ளைக்கு இரண்டு வருஷம் போகும். இந்த ரீச்சர் தையில் இருப்பாரா என்று கேட்டீர்களா? ஸ்கொலர்ஷிப் பரீட்சையில் கேட்கப் போவது முதல் வினாத்தாளில் 40 கேள்வியும் இரண்டாவதில் 60 கேள்வியும், பாலம் எத்தனை கயிறு என்று இல்லை.

கிண்ணியா_சேர்

இடமாற்றம் பற்றிச் சொன்னது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பரீட்சை பற்றி மட்டும்: மீதி வரும் வகுத்தல் அந்த 60க்குள் வரும் சேர் :)

நிலாவெளி_றோட்டு_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனேன். அதிபர் வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போன அன்று கொக்கானும் இல்லை கடலும் இல்லை, சாதாரண தமிழ்ப் பாடம். பிள்ளைகள் ஒருவர் சொல்கிற அடையாளத்தை வைத்து மற்றவர் பொருளைக் கண்டுபிடிக்கவேண்டும், பிறகு அந்த அடையாளங்களை எழுதவேண்டும். எழுதியது துண்டுக் கடதாசியில்! அதைச் சுவரில் குத்துகிறார்கள், கொப்பிக்கு வருவதில்லை. கொப்பி ஏன் வெறுமை என்பதில் பாதி அங்கேயே விளங்கிவிட்டது. மற்றப் பாதியைக் கேட்டேன். ரீச்சர் கொஞ்சம் முகம் சிவந்து, எழுத்து வேலை குறைந்துவிட்டதுதான், இரண்டு தரத்தையும் பார்க்கும்போது தரம் 4க்குத்தான் கூட நேரம் போகிறது என்று ஒத்துக்கொண்டார். அப்படிச் சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை.

தேர்ச்சிப் பதிவைக் காட்டச் சொன்னேன். மகளின் பெயருக்கு நேரே "கடன் வாங்கிக் கழித்தல் - இன்னும் இல்லை" என்று பென்சிலால் எழுதியிருந்தது. நான் 100 - 45 கொடுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் முந்திய திகதி.

பிறகு வெள்ளிக்கிழமை சிறுவர் சந்தை. வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து விற்கிறது, உங்களுக்குத் தெரியும்தானே. மரத்துக்குக் கீழே சாக்கு விரித்து முருங்கைக்காய், வல்லாரைக் கட்டு, கச்சான், ஒருவன் நாலு கோழி முட்டையை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காக்கிறான். எங்கள் வீட்டுத் தேசிக்காய், ஒன்று 15 ரூபா. மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன், சும்மா வாருங்கள் என்று. மாமி மூன்று தேசிக்காய் எடுத்துவிட்டு, பேத்திதானே என்று பார்க்காமல் நூறு ரூபாவை நீட்டினார். எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் அதே 100, அதே 45.

மகள் கழிக்கவே இல்லை. தேசிக்காயைக் காட்டி "நாற்பத்தைந்து" என்றாள். ஐந்து ரூபாக் குற்றியை மாமியின் கையில் வைத்து "ஐம்பது" என்றாள். ஐம்பது ரூபா நோட்டை அதன் மேல் வைத்து "நூறு" என்றாள். அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மாமி கையை விரித்து இரண்டு தரம் எண்ணினார். பிறகு, தேசிக்காய் 15 ரூபா கூட, டவுனில் இதைவிட மலிவு என்று சொல்லிவிட்டுப் போய் நிழலில் இருந்தார்.

பின்னேரம் ஈர்க்குக் கட்டோடு இருந்தோம். சந்தையில் செய்ததை இப்போது கட்டால் செய் என்றேன். ஒரு கட்டை அவிழ்த்தாள், மிச்சக் கட்டை எண்ணினாள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ஓ, ஒன்பது" என்றாள். கொப்பியில் பழைய 65ஐ அவளே வெட்டினாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பிஸ்கட் பைக்கற்றைக் கொடுத்தேன் ரீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி. வாசிக்கிறாள், ஆனால் சரியான மெதுவாக, நீளமான சொல் வந்தால் முதல் பாதியை வாசித்துவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறாள். வான்_காசு அண்ணா சொன்ன அதே விஷயம். ரீச்சரிடம் சொன்னேன், ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு முன் பத்து நிமிஷம் அவளையும் இன்னும் மூன்று பேரையும் வைத்து வாசிக்க விடுகிறார், வீட்டில் நான் இரவில் ஒரு பக்கம். ரீச்சருக்குத் தையில் இடமாற்றம் இல்லையாம், அதற்கு அடுத்த வருஷம் தெரியாதாம்.

தையில் மாற்றவில்லை. தரம் 4 முதல் தவணை முடிய வாசிப்பு எப்படி என்று பார்த்துவிட்டுத் திரும்ப யோசிப்போம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

ஒரு உதவி. அடுத்த சந்தைக்கு நிறுத்து விற்கவேண்டும் என்று ரீச்சர் ஆசைப்படுகிறார், கிராமும் கிலோவும் படிப்பிக்க. சிரட்டையில் கட்டின தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறது. யாரிடமாவது பழைய கைத்தராசு சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.

வான்_காசு_கட்டும்_அப்பா

அப்பாவின் பழைய கடையில் ஒன்று கிடக்கிறது, சங்கிலி துருப்பிடித்திருக்கும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் சரி. படிக்கல்லில் 200 கிராமும் 50 கிராமும் இல்லை. சனிக்கிழமை டவுனுக்கு வருவீர்கள் என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தருகிறேன். வாசிப்பை விட்டுவிடாதீர்கள்.

தம்பலகாமம்_பழைய_ரீச்சர்

இல்லாத படிக்கல்லுக்கு மணலை நிறுத்துத் துணிப்பையில் கட்டுங்கள். 200 கிராமுக்கு எவ்வளவு மணல் என்று பிள்ளைகளிடமே விடுங்கள், 500உம் 100உம் இருந்தால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.